சுருட்டை விழுந்த மிளகாய்ச் செடி: இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

கேள்வி: வணக்கங்க சார். கோபி பக்கம் வாய்க்கால் பாசனத்து ஊர் எங்களுடையது. எங்கள் அம்மாயி கொடுத்த நாட்டு மிளகாய் விதையை ஆடியில் நாற்று விட்டு, மாடியில் 12 பைகளிலும் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் 10 குழிகளிலும் நட்டேன். புரட்டாசி வரை நன்றாக இருந்தது. ஐப்பசி மழைக்கு அப்புறம் கொழுந்தெல்லாம் சுருண்டு, இலை சிறுத்து, பூவும் கொட்டுகிறது. மாமியார் சொன்னார் என்று புளித்த மோரில் பெருங்காயம் கரைத்துத் தெளித்தேன், கேட்கவில்லை. வீட்டுக்காரர் மருந்துக் கடையில் "மிளகாய்ச் சுருட்டைக்கு மருந்து வேணும்" என்று கேட்டு இமிடாகுளோபிரிட் வாங்கி வந்தார். இரண்டு முறை அடித்தோம். மாடிச் செடி கொஞ்சம் தேறின மாதிரி இருக்கிறது. பொடக்காளிச் செடி முன்னைவிட மோசம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "இது வைரஸ், அத்தனையும் பிடுங்கிப் போடு" என்கிறார். அம்மாயி விதை என்பதால் மனசு வரவில்லை. மூன்று படம் அனுப்பியிருக்கிறேன். காயைச் சமைக்கலாமா என்றும் சொல்லுங்கள் சார்.

பதில்: பிடுங்க வேண்டாம் அம்மணி. இப்போதைக்கு எதையும் பிடுங்க வேண்டாம், எதையும் அடிக்கவும் வேண்டாம். முதலில் பொடக்காளிக்குப் போய் ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

இதைச் சொல்கிற தகுதி எனக்கு ஒரு தப்பில் இருந்து வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். அரை ஏக்கர் மிளகாய், எல்லாம் சுருட்டை. வண்டியை விட்டு இறங்கி வரப்பில் நின்றபடியே "இலைப்பேன்" என்று சொல்லி, மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பதினைந்து நாள் கழித்துப் போனால் காடே வெண்கலப் பாத்திரம் மாதிரி பழுப்பேறி நிற்கிறது. அந்தப் பெரியவர் திட்டவில்லை. "ஏனுங்க சார், அன்னிக்கு எலையத் திருப்பிப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. அதற்குப் பிறகு சட்டைப் பையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இல்லாமல் நான் எந்தக் காட்டுக்கும் போனதில்லை.

சுருட்டை என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி அது ஓர் அறிகுறி. மிளகாயில் இலையைச் சுருட்டுவதற்கு முக்கியமாக மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருத்தருக்குக் கேட்கிற மருந்து அடுத்தவருக்குக் கேட்காது. கடைக்காரரிடம் "சுருட்டை" என்று மட்டும் சொன்னால், அவர் அதிகம் விற்கிற மருந்தைத்தான் எடுத்துத் தருவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, செடியை அவர் பார்க்கவில்லை.

உங்கள் கடிதத்திலேயே துப்பு இருக்கிறது. ஒரே விதை, ஒரே மருந்து, ஒரே நாளில் அடித்தது. மாடியில் தேறுகிறது, கீழே மோசமாகிறது. அப்படியென்றால் மாடியில் இருப்பது ஒன்று, பொடக்காளியில் இருப்பது வேறொன்று. படங்களும் அதைத்தான் சொல்கின்றன.

மாடிச் செடியின் படத்தில் இலை ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து, இலை ஒரு பரிசல் போலக் குழிந்திருக்கிறது. இது இலைப்பேன் வேலை. இலைப்பேன் இலையைக் கடித்துத் தின்னாது. மேல்தோலைச் சுரண்டி, ஊறுகிற சாற்றை உறிஞ்சும். சுரண்டிய இடம் முதலில் வெள்ளி மாதிரி மின்னும், பிறகு பழுப்பாகும். வெயிலும் வறண்ட காற்றும் அதற்குக் கொண்டாட்டம். சூடேறுகிற கான்கிரீட் மாடியைவிட அதற்கு நல்ல இடம் ஏது? ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்துக்கு அடியில் பிடித்துக்கொண்டு விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். வைக்கோல் நிறத்தில், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாத நூல் துணுக்குகள் விழும். கொஞ்சம் பொறுங்கள், துணுக்குகள் நடக்க ஆரம்பிக்கும்.

பொடக்காளிப் படத்தில் கதை தலைகீழ். இலை ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்துப் போட்ட பரிசலாக நிற்கிறது. காம்பு நீண்டுவிட்டது. அடிப்பக்கம் எண்ணெய் தடவின மாதிரி பளபளக்கிறது. இது மஞ்சள் சிலந்திப்பேன். முரணைச் சிலந்தி என்று எங்கள் துறையில் சொல்வோம். பெயரில் பேன் இருந்தாலும் இது பூச்சியே கிடையாது. பூச்சிக்கு ஆறு கால், இதற்கு எட்டு. சிலந்திக்கு உறவுக்காரன். அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான், வெறுங்கண்ணுக்கு அகப்படாது. நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற லென்ஸ் கிடைத்தால் இளம் இலையின் அடியில் பாருங்கள். கண்ணாடி முட்டை ஒன்றில் வரிசையாக வெள்ளை முத்துப் பதித்த மாதிரி தெரிந்தால், அது இதன் முட்டை. அதிர்ஷ்டம் இருந்தால் இன்னொரு வேடிக்கையும் தெரியும். ஆண் சிலந்திப்பேன், இன்னும் பருவத்துக்கு வராமல் அசையாது கிடக்கிற பெண்ணை முதுகுப் பக்கம் தூக்கிக்கொண்டு புதுக் கொழுந்தைத் தேடி ஓடும். பிறந்த வீடு அழிந்தாலும் குடும்பத்தைக் கொழுந்துக்குக் கூட்டிப் போய்ச் சேர்த்துவிடும். பெண்ணோ வெள்ளை ஈயின் காலைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு பக்கத்துச் செடிக்கே பயணம் போய்விடும்.

இதற்கு ஈரமும் நிழலும் மிதமான சூடும் பிடிக்கும். ஐப்பசி மழை, வாய்க்கால் ஈரம், மேலே மர நிழல் எல்லாம் கூடிய உங்கள் பொடக்காளி அதற்குத் தோதான இடம். நாலைந்து நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். இமிடாகுளோபிரிட் சாறுறிஞ்சும் பூச்சிக்கான மருந்து. மாடியில் இலைப்பேனைக் கொஞ்சம் அடக்கியது. கீழே சிலந்திப்பேனை அது ஒன்றும் செய்யவில்லை, அதைத் தின்ன வந்த நல்ல பூச்சிகளைத்தான் விரட்டியது. நீங்கள் அடித்தும் மோசமானதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று கவனித்தேன். அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு பப்பாளி தெரிகிறது, அதன் கொழுந்தும் சிறுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் சிலந்திப்பேன் பப்பாளியிலும் குடியிருக்கும். மிளகாயை மட்டும் வைத்தியம் பார்த்தால் பப்பாளியிலிருந்து மறுபடி இறங்கி வரும். இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். பொடக்காளிச் செடிகளில் சுருண்ட கொழுந்தை இரண்டு விரற்கடை நீளத்துக்குக் கிள்ளி, அப்போதே ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கட்டுங்கள். குப்பைக்குழியில் போடக்கூடாது. பையோடு இரண்டு நாள் வெயிலில் வைத்தால் உள்ளே இருப்பது வெந்து போகும். அப்புறம் கடையில் நனையும் கந்தகம் என்று கேளுங்கள், 80 சதவீதத் தூள். லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, பொழுது சாய்கிற நேரத்தில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். மேலாகத் தூவினால் பயனில்லை, சிலந்திப்பேன் அடியில்தான் இருக்கிறது. கைத்தெளிப்பான் மூக்கை மேலே பார்க்கத் திருப்பிக்கொண்டு, செடிக்குக் கீழிருந்து அடியுங்கள். ஏழெட்டு நாள் இடைவெளியில் இன்னொரு முறை.

கந்தகத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெயோ வேறு எண்ணெயோ அடித்த செடியில் இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்கக்கூடாது, கந்தகம் அடித்த பிறகு எண்ணெய்க்கும் அதே கணக்கு. இரண்டும் சேர்ந்தால் செடி தாங்காது. அதனால்தான் கீழே கந்தகம், மேலே வேம்பு என்று உங்களுக்குப் பிரித்துச் சொல்கிறேன். ஏக்கர் கணக்கில் மிளகாய் போட்டவர்களுக்கு ஸ்பைரோமெசிபென், பென்பைராக்சிமேட் மாதிரி சிலந்திப்பேனுக்கென்றே மருந்துகள் இருக்கின்றன. பத்துச் செடிக்கு அதெல்லாம் தேவையில்லை.

மாடிக்கு வேப்பெண்ணெய் போதும். ஆனால் பலர் அதைக் கலக்கிற விதத்தில்தான் கெடுக்கிறார்கள். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். முதல் செடிக்கு வெறும் தண்ணீர், கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெய் என்று போய்ச் சேரும். காதி சோப்பைச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கரண்டியில் கரைத்துக்கொள்ளுங்கள். அதில் 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டு விரலால் அடியுங்கள். மோர் மாதிரி வெளுத்து, எண்ணெய்க் கண் ஒன்றுகூடத் தெரியாமல் ஆனதும் ஒரு லிட்டர் தண்ணீர் சேருங்கள். துணி துவைக்கிற பவுடர் வேண்டாம், இலையை அரிக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் தாராளமாக உதவும். முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். கருகாவிட்டால் மற்றதற்கும் அடிக்கலாம்.

வேப்பங்கொட்டை கிடைக்குமானால் அது இன்னும் நல்லது. உங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமா? ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டி, துளி சோப்புச் சேர்த்து வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பொழுதோடவே அடித்துத் தீர்த்துவிடுங்கள். நாளைக்கு என்று எடுத்து வைத்தால் அதில் வீரியம் இருக்காது.

இலைப்பேனில் முக்கால்வாசிப் பேர் மறந்துபோகிற விஷயம் மண். முட்டை இலைத் திசுவுக்குள் இருக்கும், குஞ்சு இலைமேல் மேயும், கூட்டுப்புழுப் பருவத்துக்கு மட்டும் மண்ணில் இறங்கும். ஒரு முறை அடித்ததும் இலை சுத்தமாகும். பத்து நாளில் பைக்குள்ளிருந்து அடுத்த கூட்டம் ஏறி வரும். "மருந்து வேலை செய்யல" என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதுதான். மேல்மண்ணை ஒரு விரல் ஆழத்துக்குக் கிளறி, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு கலந்துவிடுங்கள். வேம்புத் தெளிப்பை வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் தொடருங்கள். நீல நிற ஒட்டும் அட்டை இரண்டைச் செடி உயரத்துக்குத் தொங்கவிடுங்கள், இலைப்பேனுக்கு நீலத்தின்மேல் ஆசை. வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் மஞ்சள். அட்டை வாங்க வேண்டியதுகூட இல்லை. பழைய டப்பாவுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து விளக்கெண்ணெய் தடவினால் ஆயிற்று. கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு ஆட்டுகிற ஊரில் விளக்கெண்ணெய்க்கா பஞ்சம்!

பூ கொட்டுவதையும் எழுதியிருந்தீர்கள். ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துப் பிரித்துப் பாருங்கள். மஞ்சளாக இல்லாமல் கருப்பாக, சுறுசுறுப்பாக நாலைந்து ஓடினால் அது வேறு இலைப்பேன். இந்தியாவில் முதலில் 2015இல் பெங்களூரில் பப்பாளியில் கண்டார்கள். 2021இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயைப் படாதபாடு படுத்தியது. இலையைவிடப் பூவில்தான் அதிகம் இருக்கும். அப்படி இருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள், வைத்தியம் கொஞ்சம் மாறும்.

இப்போது உங்கள் அண்ணன் சொன்ன வைரஸ். அவர் பயப்படுவதில் அர்த்தமில்லாமல் இல்லை. வெள்ளை ஈ பரப்புகிற இலைச்சுருள் வைரஸ் வந்தால் அந்தச் செடி தேறாது, பிடுங்கத்தான் வேண்டும். அதில் இலை சிறுப்பதோடு நரம்புகளுக்கு நடுவே மஞ்சளாகும், கணுக்கள் நெருங்கிச் செடி புதர் மாதிரி குட்டையாகும். உங்கள் படங்களில் எனக்கு அது தெரியவில்லை. சந்தேகம் தீர எளிய வழி ஒன்று உண்டு. ஏற்கெனவே சுருண்ட இலை எந்த மருந்துக்கும் நிமிராது, அதைப் பார்த்து மனசு விடாதீர்கள். கந்தகம் இரண்டு முறை அடித்து முடிந்து, புதிதாக வருகிற கொழுந்தை மட்டும் பாருங்கள். அது விரிந்து நேராக வந்தால் சிலந்திப்பேன்தான். வந்ததும் சுருண்டால் அந்தச் செடியில் ஒரு துணி கட்டி வைத்து, இன்னொரு வாரம் பார்த்துவிட்டுப் பிடுங்கலாம். கோபியிலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஒரு கொழுந்தை ஈரத்தாளில் சுற்றி எடுத்துப் போய்க் காட்டினாலும் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது படத்தில் காயில் ஓட்டை. அது காய்ப்புழு, சுருட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாதி உடம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பச்சைக் காய்ப்புழு. ஆளைக் காணோம், உள்ளே விதை மட்டும் காலி என்றால் புரோடீனியா என்கிற இன்னொரு புழு. அது பகலில் மண்ணிலோ மூடாக்குக்கு அடியிலோ ஒளிந்துகொள்ளும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போனால் 22 செடிக்குக் கால்மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மஞ்சள் காட்டு வரப்பில் நம் ஆட்கள் கொட்டமுத்துச் செடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். புரோடீனியாவின் தாய் அந்துப்பூச்சி அதன் பெரிய இலையைத் தேடிப் போய் முட்டையிடும். பழுப்புப் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கிற முட்டைக் குவியலை இலையோடு கிள்ளி எடுத்துவிடலாம். வேலி ஓரம் இரண்டு செடி வையுங்கள்.

மோரும் பெருங்காயமும் தெளித்ததில் தப்பில்லை, மாமியாரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். செடிக்குக் கெடுதல் இல்லை, ஆனால் சிலந்திப்பேனுக்கு அது மருந்தும் இல்லை. இஞ்சி, பூண்டு, மிளகாய் அரைத்த கரைசலை யாராவது சிபாரிசு செய்வார்கள். மிளகாய்க்கே மிளகாய் அரைத்து ஊற்றுவதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும், ஆனாலும் புழு வராமல் தடுக்க ஓரளவு உதவும். எங்கள் அப்பாரு விடியலில் பனி ஈரத்தோடு அடுப்புச் சாம்பல் தூவுவார். அது அசுவினிக்குச் சரிப்படும். அசுவினி இருக்கிற செடியில் எறும்பு ஏறி இறங்கும். எறும்பு அங்கே அசுவினி கழிக்கிற இனிப்பு நீரான தேன் பனிக்காக வந்த விருந்தாளி, அதை நசுக்கிப் பயனில்லை. அப்படிப்பட்ட செடியில் கருப்பு உடம்பில் ஆரஞ்சுப் பொட்டு வைத்து, குட்டி முதலை மாதிரி ஒன்று ஊர்ந்தால் அதைக் கொல்லாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது. மிளகாய்க்கு நடுவே நாலு தட்டப்பயறு ஊன்றினால் பொறிவண்டு தானாக வந்து சேரும்.

நல்ல பூச்சியின் அருமை நம் பகுதிக்குத் தெரியாததில்லை. பப்பாளி மாவுப்பூச்சியை இந்தியாவில் முதலில் கண்டது கோயம்புத்தூரில்தான், 2008இல். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. என்னென்ன மருந்து அடித்தாலும் அதன் மாவுப் போர்வையைத் தாண்டி உள்ளே போகவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த, கொசுவைவிடச் சின்ன ஒட்டுண்ணிக் குளவியை விட்டார்கள். அதுதான் அடக்கியது. உங்கள் பப்பாளியில் வெள்ளை மாவு தெரிந்தால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், மருந்தைத் தூக்காதீர்கள்.

காயைச் சமைக்கலாமா என்ற கேள்விதான் உண்மையில் முக்கியமானது. இமிடாகுளோபிரிட் செடிக்குள் ஊடுருவிப் பரவுகிற மருந்து, காயைக் கழுவினால் போகாது. பாட்டிலோடு ஒரு மடித்த தாள் வந்திருக்கும். அதில் மிளகாய்க்கு நேரே காத்திருப்புக் காலம் என்று இத்தனை நாள் போட்டிருக்கும். கடைசியாக அடித்த நாளிலிருந்து எண்ணி, அத்தனை நாள் முடியும் வரை சமைக்காதீர்கள். இப்போது செடியில் இருக்கிற காயைப் பறித்துக் குழியில் போட்டு மூடிவிடலாம், புதுக் கொழுந்து விடவும் செடிக்குத் தெம்பு கிடைக்கும். பாட்டிலின் முக்கோணத்தையும் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. நீங்கள் வாங்கியது மஞ்சள். மிச்சத்தைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். வீட்டு மூலையில் பழைய மோனோகுரோட்டோபாஸ் பாட்டில் ஏதும் கிடந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். காய்கறிக்கு அதை 2005லேயே தடை செய்துவிட்டார்கள்.

இலை கருகரு என்று வரட்டும் என யூரியா போட்டிருந்தால் நிறுத்துங்கள். இளசான கொழுந்தைத்தான் சாறுறிஞ்சிகள் தேடி வரும். தொழு உரமும் கொஞ்சம் கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் போதும்.

அம்மாயி விதைக்கு மாடியில் தேறி வருகிற செடிகளில் இரண்டைக் குறித்துவையுங்கள். சுருளாமல் கிளை விட்ட செடியாக இருக்க வேண்டும். முதல் பறிப்பை விட்டுவிட்டு, இரண்டாவது மூன்றாவது பறிப்பில் ஓட்டையில்லாத காயைச் செடியிலேயே முழுக்கச் சிவக்க விட்டு, காம்போடு பறித்து நிழலில் உலர்த்துங்கள். ஒரு கைப்பிடி பழம் இருந்தாலே அடுத்த ஆடிக்கு உங்களுக்குப் போக, விதை கேட்டு வருகிற ஒறம்பரை சொந்தங்களுக்கும் கொடுக்கலாம்.